மில்டன் ஃப்ரீட்மன் அரசாங்கமே வேணாம்னா சொன்னாரு? படிச்சவங்க கொஞ்சம் விளக்குங்க

மழைக்காகிதம் கேட்டது:

வணக்கம். எங்க ஊர் கிளை நூலகத்துல மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பத்து பன்னெண்டு பேர் உக்காந்து படிச்சத பேசுவோம், வர்ற வாரம் என் முறை, நான் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மன எடுத்திருக்கேன். ஏன் அவர்னா எங்க ஆபீஸ்ல ஒரு சார் இருக்காரு, எது பேசினாலும் "கவர்மென்ட் கை வெச்சா உருப்படாதுன்னு ஃப்ரீட்மன் அப்பவே சொல்லிட்டாரு"ம்பாரு, பக்கத்து சீட்டு அக்கா உடனே "சிலி சர்வாதிகாரிக்கு யோசனை சொன்ன ஆளு பேச்ச எங்கிட்ட எடுக்காதீங்க"ம்பாங்க. ரெண்டு பேரும் அவர் எழுதுனத படிச்சதில்ல, கேட்டு பாத்தேன்.

சரி நானே படிச்சுரலாம்னு 1962ல வந்த கேபிடலிசம் அண்ட் ஃப்ரீடம் புத்தகத்த எடுத்து அஞ்சு அத்தியாயம் முடிச்சிருக்கேன், வறுமை பத்தி இருக்கற 12ஆவது அத்தியாயத்தையும் ஆர்வத்துல முன்னாடியே படிச்சிட்டேன். இப்ப ஒரே குழப்பம். ரெண்டாவது அத்தியாயத்துல அமெரிக்க அரசாங்கம் செய்யற வேலைல எதெல்லாம் தேவையில்லன்னு 14 விஷயம் வரிசையா போடறாரு, விளைபொருளுக்கு ஆதரவு விலை, இறக்குமதி வரி, வாடகைக் கட்டுப்பாடு, குறைந்தபட்ச கூலி, தொழில் லைசென்ஸ், கட்டாய ராணுவ சேவை, நேஷனல் பார்க் வரைக்கும் போகுது. அப்படியே புரட்டி 12க்கு போனா அதே மனுஷன் ஏழைங்களுக்கு அரசாங்கம் நேரா கையில காசு குடுக்கலாம்ங்கறாரு. ரெண்டும் எப்படி ஒத்துப்போகுது? அவர் கோடு எங்க போடறாரு?

இன்னொண்ணு, வேலைக்கு எடுக்கறப்ப நிறம் பாக்கக்கூடாதுன்னு சட்டம் போடறதையும் அவர் எதிர்த்தாருன்னு எங்கயோ படிச்சேன். அந்த இடத்துக்கு நான் இன்னும் வரல, ஆனா அது உண்மைன்னா அவர மனசார எடுத்து பேச முடியுமான்னு எனக்கே தெரியல. நீளமா இருந்தாலும் பரவால்ல, எழுதுங்க.

பழைய வாத்தியார்:

முப்பது வருஷம் காலேஜ்ல பொருளாதாரம் நடத்துனவன், இந்த கேள்விய பாத்ததும் சந்தோஷமா இருந்துச்சு. உங்க ஆபீஸ் சார் சொல்றது தப்பு. அரசாங்கமே வேணாம்னு அவர் எங்கயும் சொல்லல, அப்படி சொன்னவங்க வேற ஆளுங்க, அவரோட மகனே அந்த கட்சி. ஃப்ரீட்மன் சொன்னது என்னன்னா ஆட்டத்துக்கு விதி எழுதறதும் அந்த விதிய காப்பாத்தற நடுவரும் அரசாங்கம்தான். கபடில கோடு போட ஒரு ஆள் வேணும் விசில் ஊத ஒரு ஆள் வேணும், ஆனா விசில் ஊதறவரே உள்ள எறங்கி ரைடு போனாருன்னா மத்தவன் எப்படி ஆடறது, அவ்வளவுதான் அவரோட பயம்.

அதுக்கு மேலயும் சில இடத்துல அரசாங்கம் வரலாம்னு ஒத்துக்கறாரு. நான் கொளுத்துன புகை உங்க வீட்டு துணில படியுது, நீங்க எங்கிட்ட வந்து காசு வசூல் பண்ண முடியாது, இத அக்கம்பக்க விளைவுங்கறாரு. அந்த மாதிரி இடத்துல கூட இத்தன அடி சிம்னி வை, இந்த மெஷின் வாங்குன்னு உத்தரவு போடறத விட விடற புகைக்கு ஏத்த மாதிரி வரி போடுங்கறது பின்னாடி அவர் எடுத்த நிலை, குறைக்கிற வழிய ஆலைக்காரனே கண்டுபிடிச்சுக்குவான்னு. குழந்தைங்க, மனநலம் சரியில்லாதவங்க, இவங்களுக்காகவும் அரசாங்கம் வரலாம். இப்ப பாருங்க, வறுமைய அவர் இந்த அக்கம்பக்க விளைவுலதான் கொண்டுவர்றாரு. பக்கத்துல ஒருத்தன் பட்டினி கிடந்தா எனக்கும் மனசு கஷ்டம், ஆனா நான் மட்டும் குடுத்து தீராது, மத்தவங்களும் குடுப்பாங்கன்னு தெரிஞ்சா நானும் குடுப்பேன், அதனால எல்லாரும் சேர்ந்து வரி வழியா குடுக்கறதுல தப்பில்லங்கறாரு. உங்களுக்கு முரண்பாடா தெரியறது அவருக்கு முரண்பாடு இல்ல. ஏழைக்கு உதவு, ஆனா உதவறேன்னு சொல்லி விலையில கை வைக்காத.

எப்படி குடுக்கறதுங்கறதுக்கு அவர் சொன்னது எதிர்மறை வருமான வரி. ஒரு குடும்பத்துக்கு 100 டாலர் கோடுன்னு வெச்சுக்குங்க, விகிதம் பாதின்னு வெச்சுக்குங்க. வருமானமே இல்லன்னா அரசாங்கம் 50 குடுக்கும். 60 சம்பாதிச்சா கோட்டுக்கு 40 குறையுது, அதுல பாதி 20 வரும், கையில மொத்தம் 80. வேலைக்கு போனா உதவி மொத்தமா நின்னுடும்ங்கற பயம் இல்ல, ஒரு ரூபா கூட சம்பாதிச்சா எட்டணாவாவது நிக்கும். அந்த காசுல என்ன வாங்கறதுங்கறத அந்த குடும்பம் முடிவு பண்ணும், அதிகாரி இல்ல. 1969ல நிக்சன் இதுக்கு பக்கத்துல வர்ற ஒரு திட்டத்த கொண்டுவந்தாரு, கீழவைல ஜெயிச்சு செனட்ல விழுந்துச்சு. பழைய உதவியெல்லாம் எடுத்துட்டு அதுக்கு பதிலா இதுன்னு இல்லாம பழசு மேல இதையும் ஏத்துறாங்கன்னு ஃப்ரீட்மனே கடைசில ஆதரவ எடுத்துட்டாரு. ஆனா 1975ல வந்து இன்னிக்கு வரைக்கும் அமெரிக்கால கோடிக்கணக்கான உழைக்கற குடும்பத்துக்கு வரி வழியா காசு போற திட்டம் இருக்குல்ல, அதோட வேர் இங்கதான்.

கட்டாய ராணுவ சேவைய எடுக்க வெச்சதுல தனக்கு பங்கு உண்டுன்னு அவருக்கு பெருமை. 1969ல நிக்சன் போட்ட கமிஷன்ல உறுப்பினரா இருந்தாரு, வியட்நாம்ல படைய நடத்துன ஜெனரல் வெஸ்ட்மோர்லேண்ட் வந்து கூலிப்படைய நடத்த எனக்கு விருப்பமில்லன்னாராம், அடிமைப்படைய நடத்த விருப்பமான்னு ஃப்ரீட்மன் திருப்பி கேட்டாராம். 1973ல கட்டாய சேவை போச்சு. அந்த கமிஷன்ல அவர் வெச்ச வாதம் ரொம்ப எளிமையானது, பட்ஜெட்ல செலவு கம்மியா தெரியுதே தவிர அந்த 19 வயசு பையன் இழக்கற சம்பளம் அவன் மேல போட்ட வரிதான், எந்த கணக்குலயும் எழுதாத வரி. இத நான் வருஷா வருஷம் கிளாஸ்ல சொல்லுவேன், பசங்க நிமிர்ந்து உக்காருவாங்க.

நிறம் பத்தி நீங்க படிச்சது உண்மை. அத பத்தி அப்புறம் எழுதறேன், ஒரு வார்த்தைல சொல்ற விஷயமில்ல அது.

தறிச்சத்தம்:

வாத்தியார் ஐயா நல்லா சொல்லிட்டாருங்க, நான் இந்தியா பக்கம் சொல்றேன், ஏன்னா இது எங்க குடும்பத்த தொட்ட விஷயம்.

ஃப்ரீட்மன் 1955ல டெல்லி வந்தாருங்க. ரெண்டாவது அஞ்சாண்டு திட்டம் போட்டுட்டு இருந்த நேரம், புள்ளியியல் நிபுணர் மகலனோபிஸ் எழுதுன திட்டம், நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக். அந்த நவம்பர்ல ஃப்ரீட்மன் ஒரு குறிப்பு எழுதி குடுத்தாரு. அதுல முக்கியமா சொன்னது, நீங்க ஒரு பக்கம் பெரிய பெரிய கனரக ஆலைக்கு பணத்த கொட்டறீங்க, இன்னொரு பக்கம் கைத்தொழில தாங்கி புடிக்கிறீங்க, நடுவுல சின்ன ஆலை நடுத்தர ஆலை வெக்கிறவன நசுக்கறீங்க, இதனால ஒரு பக்கம் முதலுக்கு போதுமான ஆள் இல்ல இன்னொரு பக்கம் ஆளுக்கு போதுமான முதல் இல்லன்னு ஆகிடும்னாரு. இறக்குமதி லைசென்ஸ எடுங்க, ரூபா மதிப்ப சந்தை தீர்மானிக்கட்டும், பள்ளிக்கூடத்துலயும் மனுஷங்க திறமையிலயும் முதலீடு பண்ணுங்கன்னாரு. யாரும் கேக்கல. அதே வருஷம் பொருளாதார நிபுணர் குழுவுல இருந்த பி.ஆர். ஷெனாய் ஒருத்தர் மட்டும் தனியா மறுப்புக் குறிப்பு எழுதுனாரு, அதையும் யாரும் கேக்கல. நாலு வருஷம் கழிச்சு 1959ல ராஜாஜி சுதந்திரா கட்சி ஆரம்பிச்சு பர்மிட் லைசென்ஸ் ராஜ்ஜியம்னு மேடைக்கு மேடை பேசினப்பதான் இந்த பேச்சு சாதாரண ஜனங்க காதுக்கு வந்துச்சு.

1963ல திரும்ப வந்தப்ப லூதியானாவ பாத்துட்டு வியந்து எழுதினாருங்க, சைக்கிள், தையல் மெஷின், மெஷின் டூல்னு சின்ன சின்ன பட்டறைல தானா வளந்த ஊரு.

இப்ப எங்க கதை. எங்க தாத்தாவுக்கு ரெண்டு குழித்தறிங்க. சங்கத்துல நூல் வாங்கி பெட்ஷீட் நெய்வாரு, பாட்டி தார்க்குச்சில நூல் சுத்தும், அத்தை பாவுக்கு ஒத்தாசை பண்ணும், மூணு பேர் வேலைக்கு ஒருத்தர் கூலி. ரிபேட்டு மானியம் எல்லாம் அரசாங்கம் சங்கத்துக்கு குடுத்துட்டுதான் இருந்துச்சு, ஆனா எங்க வீட்டுக்கு கூலி வாரக்கணக்குல தள்ளித்தான் வரும், அந்த மானியம் எங்க எப்படி கரைஞ்சுதுன்னு தாத்தாவுக்கு சாகற வரைக்கும் தெரியாது. 1980ல வந்த டிவி தொடர்ல ஃப்ரீட்மன் நம்ம நாட்டு கைத்தறிய காட்டி 1867க்கு அப்புறம் ஜப்பான் போன பாதையையும் 1947க்கு அப்புறம் இந்தியா போன பாதையையும் ஒப்பிட்டு பேசுவாரு, இந்த ஆதரவு நெசவாளிய காப்பாத்தல, அவன் வறுமையதான் காப்பாத்துதுன்னு. முதல் தடவ பாத்தப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சுங்க, எங்க தாத்தாவ பாத்துட்டு சொன்ன மாதிரியே இருந்துச்சு.

ஆனா ஒரு இடத்துல அவரோட நான் ஒத்துப்போகல. கைத்தறிய விட்டுட்டு வேற வேலைக்கு போகட்டும், அதுதான் எல்லாருக்கும் நல்லதுங்கறாரு. எங்கப்பா போனாரு, 22 வயசுல விசைத்தறிக்கு போனாரு, அப்புறம் திருப்பூர் போனாரு, நான் படிச்சதே அந்த காசுலதான். தாத்தாவுக்கு அப்ப 55. முட்டி மடக்கி குழிக்குள்ள கால விட்டு நாப்பது வருஷம் உக்காந்தவரு, அவர எந்த சந்தை எந்த வேலைக்கு கூப்புடும்? 1985ல இன்னின்ன துணி கைத்தறில மட்டும்தான் நெய்யணும்னு மத்திய அரசு சட்டம் போட்டுச்சு, பக்கத்து தெருவுல அதே ரகம் விசைத்தறில ஓடிட்டேதான் இருந்துச்சு. அந்த சட்டம் போட்டதுக்கு பதிலா வாத்தியார் ஐயா சொன்ன கணக்கு மாதிரி தாத்தா கையில நேரா காசு குடுத்திருந்தா அவர் கடைசி பத்து வருஷம் நிம்மதியா இருந்திருப்பாரு. இத சொல்றப்ப நானும் ஃப்ரீட்மன் பக்கம்தான் நிக்கறேன் போல இருக்கு, பாதி 12ஆவது அத்தியாயத்தோட ஆளு நானு.

எண்ணும் எழுத்தும்:

எல்லாரும் விட்ட ஒண்ணு பணம். மத்ததெல்லாம் அவர் கருத்து, இது அவர் தொழில், 1976 நோபல்ல இந்த வேலைக்கு பெரிய பங்கு உண்டு.

1929 மந்தம் வந்தப்ப சந்தை தோத்துடுச்சு, அரசாங்கம் வந்து காப்பாத்துச்சுன்னுதான் எல்லாரும் படிச்சோம். ஃப்ரீட்மனும் அன்னா ஷ்வார்ட்ஸும் 1963ல ஒரு பெரிய வரலாறு எழுதி, 1929லேர்ந்து 1933க்குள்ள அமெரிக்கால புழக்கத்துல இருந்த பணம் மூணுல ஒரு பங்கு சுருங்குச்சு, ஆயிரக்கணக்கான பேங்க் மூடுச்சு, இத தடுக்கத்தான் 1913ல ஃபெடரல் ரிசர்வ்ங்கற (சுருக்கமா ஃபெட்) மத்திய வங்கிய உண்டாக்குனாங்க, அது தடுக்காம பாத்துட்டு இருந்துச்சுன்னு ஆதாரத்தோட காட்டுனாங்க. 2002ல அவரோட 90 வயசு விழாவுல அப்ப ஃபெட்ல கவர்னரா இருந்த பெர்னான்கி மேடைல நின்னு நீங்க சொன்னது சரி, நாங்கதான் பண்ணோம், மன்னிச்சுக்குங்க, உங்களால இனிமே பண்ண மாட்டோம்னு சொன்னாரு. ஆறு வருஷம் கழிச்சு 2008ல அதே பெர்னான்கி ஃபெட் தலைவரா இருந்து பொருளாதாரத்துக்குள்ள பணத்த கொட்டுனாரு.

அப்புறம் 1967 டிசம்பர்ல ஒரு உரை. பணவீக்கத்த கொஞ்சம் ஏத்திவிட்டா வேலையில்லாத் திண்டாட்டம் குறையும்னு அப்ப நிறைய அரசாங்கம் நம்பிட்டு இருந்துச்சு. ஜனங்க கொஞ்ச நாள் ஏமாறுவாங்க, அப்புறம் விலை ஏறப்போறத முன்னாடியே கணக்கு போட்டு கூலி கேப்பாங்க, கடைசில ரெண்டுமே ஒசந்து நிக்கும்னு சொன்னாரு. 1970கள்ல அப்படியே ஆச்சு. 1979ல ஃபெட் தலைவரா வோல்க்கர் வந்து வட்டிய 20 சதவீதம் பக்கம் ஏத்தி, 1980ல 13.5 சதவீதமா இருந்த பணவீக்கம் 1983ல 3.2க்கு வந்துச்சு, ஆனா நடுவுல 1982 கடைசில வேலையில்லாதவங்க 10.8 சதவீதம். அந்த விலைய குடுத்தவங்க ஆலைத் தொழிலாளிங்க, அத மறைச்சு பேசறது நியாயமில்ல.

ஆனா அவர் சொன்ன மருந்து, பணத்த வருஷா வருஷம் ஒரே வேகத்துல ஏத்து, வேற எதுவும் பண்ணாதங்கறது, அது நிக்கல. 80கள்ல ஜனங்க பணத்த கையில வெச்சுக்கற பழக்கமே மாறிடுச்சு, கணக்கு தப்பிடுச்சு. 2003ல அவரே பணத்தோட அளவ இலக்கா வெச்சது வெற்றி இல்ல, இப்பன்னா அவ்வளவு அழுத்தமா சொல்லமாட்டேன்னு பேட்டி குடுத்தாரு. 90 வயசுல ஒருத்தர் தன் வாழ்நாள் வேலையோட நடுவுல இருக்கற ஒண்ண இப்படி ஒத்துக்கறாருன்னா அதுக்காகவே எனக்கு அவர் மேல மரியாதை. நூலகத்துல இத கண்டிப்பா சொல்லுங்க.

தெற்கு வாசல்:

நான் எதிர்ப்பக்கம். ஆனா திட்ட வரல.

சிலிய முதல்ல முடிச்சிடறேன். 1956லேர்ந்து ஃப்ரீட்மன் பாடம் நடத்துன சிகாகோ பல்கலைக்கழகத்துக்கும் சாண்டியாகோ கத்தோலிக்க பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம், அதுல படிச்சு வந்தவங்கதான் 1973 ராணுவப் புரட்சிக்கு அப்புறம் பொருளாதாரத்த கையில எடுத்தாங்க. ஃப்ரீட்மன் 1975 மார்ச்ல போய் சில நாள் இருந்தாரு, ராணுவ ஆட்சித் தலைவர் பினோசேவ ஒரு 45 நிமிஷம் பாத்தாரு, அப்புறம் ஒரு கடிதம் எழுதினாரு, செலவ ஒரேயடியா வெட்டு, நோட்டு அடிக்கறத நிறுத்துன்னு. அவர் அந்த ஆட்சியோட சம்பளக்காரர் இல்ல, அந்த அக்கா சொல்ற அளவுக்கு இல்ல. ஆனா தெருவுல ஆளுங்க காணாம போயிட்டு இருக்கற நாட்டுல, யூனியன் வாய தெறக்க முடியாத நாட்டுல, செலவ வெட்டுன்னா அது யாரு மேல விழும்னு யோசிக்க பெரிய பொருளாதாரம் தெரிய வேண்டியதில்ல. பொருளாதார சுதந்திரம் இல்லாம அரசியல் சுதந்திரம் வராதுன்னு முதல் அத்தியாயமே எழுதுனவரு, அங்க ஒண்ணு இருந்து இன்னொண்ணு இல்லாம 17 வருஷம் போச்சு. 1982ல அந்த நாட்டு உற்பத்தி 14 சதவீதம் பக்கம் விழுந்துச்சு, அதுக்கு டாலரோட அந்த நாட்டு நாணயம் பெசோவ கட்டிப்போட்டதும் ஒரு காரணம், அது ஃப்ரீட்மன் பொதுவா எதிர்த்த முறை, இத சொல்லாம விட்டா நான் நேர்மையா பேசினதா ஆகாது.

ஹாங்காங்க அவர் அவ்வளவு புகழ்ந்தாரு, ஆனா அங்க நிலம் பூரா அரசாங்கத்துது, குத்தகைக்குத்தான் குடுக்கும், 1953 கிறிஸ்மஸ் ராத்திரி தீ விபத்துக்கு அப்புறம் கட்ட ஆரம்பிச்ச அரசாங்க வீடுகள்ல காலப்போக்குல பாதி ஜனம் பக்கம் குடியிருந்துச்சு. அவர் தேவையில்லன்னு போட்ட அந்த 14 விஷயத்துல பொது வீட்டு வசதியும் ஒண்ணு.

சரி, நெஜமா பேச வேண்டியது நிறம். ஃப்ரீட்மன் வாதம் இதுதான், ரொட்டி வாங்கறவனுக்கு அந்த கோதுமைய வெள்ளைக்காரன் வெளைவிச்சானா கருப்பின விவசாயி வெளைவிச்சானான்னு தெரியாது, தெரியவும் வேணாம், அதனால சந்தைதான் ஒதுக்கப்பட்டவனுக்கு நண்பன், நிறம் பாத்து ஆள எடுக்கறவன் நல்ல ஆள இழக்கறான், செலவு அவனுக்கு, கொஞ்ச நாள்ல போட்டியில தோத்துருவான். அதனால சட்டம் போட்டு கட்டாயப்படுத்தாத, பேசி மனச மாத்து. இந்த அடிப்படைலதான் 1964 சிவில் உரிமைச் சட்டத்துல தனியார் கடை, வேலை சம்பந்தப்பட்ட பகுதிய எதிர்த்தாரு.

கோதுமை கண்ணுக்கு தெரியாம வரும். மனுஷன் அப்படி வர முடியாது. 1960 பிப்ரவரி 1, வட கரோலினா கிரீன்ஸ்பரோ, நாலு காலேஜ் பசங்க உல்வர்த் கடைக்கு போறாங்க. பல்பசை வாங்கறாங்க, காச வாங்கிட்டு குடுக்கறாங்க. அதே கடைல சாப்பாட்டு மேஜைல உக்காந்து காபி கேக்கறாங்க, கெடையாது. ஊர் வழக்கம்ங்கறாங்க. ஒரே கடை, ஒரே காசு. கருப்பினத்தவங்கள உக்கார வெச்சா வெள்ளைக்காரங்க வரமாட்டாங்கன்னு கடைக்காரர் கணக்கு போடறாரு, அது அவர் பார்வைல லாபக் கணக்குதான். சமுதாயமே சேர்ந்து ஒதுக்கறப்ப ஒதுக்காதவனுக்குத்தான் நஷ்டம். இது எந்த நாட்டுல யாருக்கு புரியலன்னாலும் டீக்கடைல தனி டம்ளர் பாத்த ஊர்க்காரங்களுக்கு விளக்கவே வேண்டியதில்ல.

இன்னும் ஒண்ணு, கல்வி வவுச்சர். 1955ல அவர் எழுதின கட்டுரை, பள்ளிக்கூடத்த அரசாங்கம் நடத்த வேணாம், பெத்தவங்க கையில காசுச்சீட்டு குடு, பிடிச்ச பள்ளிக்கூடத்துக்கு போகட்டும்னு. நல்ல யோசனைதான் காகிதத்துல. அதுக்கு முந்தின வருஷம்தான் பிரவுன் தீர்ப்பு, கருப்பின பிள்ளைங்களையும் வெள்ளைக்கார பிள்ளைங்களையும் தனித்தனி பள்ளில வெக்கக்கூடாதுன்னு. வர்ஜீனியால பிரின்ஸ் எட்வர்ட்னு ஒரு கவுண்டி, 1951ல பார்பரா ஜான்ஸ்ங்கற 16 வயசு பொண்ணு எங்க பள்ளிக்கூடம் தார்க்காகிதக் கொட்டகையா இருக்குன்னு ஸ்ட்ரைக் பண்ண ஊரு, அந்த வழக்கும் பிரவுன் வழக்குல ஒண்ணு. தீர்ப்ப நடத்தச் சொல்லி கோர்ட் நெருக்கினதும் 1959ல அந்த கவுண்டி எல்லா அரசு பள்ளிக்கூடத்தையும் இழுத்து மூடிடுச்சு. வெள்ளைக்கார பிள்ளைங்களுக்கு தனியார் அகாடமி, அதுக்கு அரசாங்கத்துலேர்ந்து கல்வி உதவித்தொகை, அதாவது வவுச்சர். கருப்பின பிள்ளைங்க 1964ல உச்சநீதிமன்றம் திறக்கச் சொல்ற வரைக்கும் அஞ்சு வருஷம் அரசு பள்ளிக்கூடம் இல்லாம இருந்தாங்க. ஏழு வயசுல வெளிய நின்ன பிள்ளை பன்னெண்டு வயசுல உள்ள வருது. தெற்கு மாநிலங்கள்ல வவுச்சர இதுக்கு பயன்படுத்தப் பாக்கறாங்கன்னு ஃப்ரீட்மனுக்கு 1955லயே தெரியும், அந்த கட்டுரையோட அடிக்குறிப்புலயே எழுதியிருக்காரு, கட்டாயப் பிரிவினையும் வேணாம் கட்டாய ஒருங்கிணைப்பும் வேணாம்னு. நான் அவர இனவெறியர்னு சொல்லல. ஆனா அந்த ரெண்டையும் ஒரே தராசுல வெச்சாரு பாருங்க, அங்க அவர் கணக்கு உடைஞ்சு போச்சு.

பழைய வாத்தியார்:

தெற்கு வாசலுக்கு நன்றி, நான் அப்புறம் எழுதறேன்னு விட்டத நீங்க என்னைவிட நல்லா எழுதிட்டீங்க. ரெண்டு விஷயம் மட்டும் சேர்க்கறேன்.

ஃப்ரீட்மன் ஏன் அப்படி யோசிச்சாருன்னு புரிஞ்சுக்கணும். யூதக் குடும்பம், ஐரோப்பாலேர்ந்து புரூக்ளினுக்கு பொழைக்க வந்தவங்க, அப்பா இவர் ஹைஸ்கூல் படிக்கறப்பவே இறந்துட்டாரு, ஹோட்டல்ல சப்ளையரா வேலை செஞ்சுகிட்டே காலேஜ் படிச்சாரு. 1940ல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல வேலைக்கு சேர்ந்து, யூதர்ங்கறதுக்காக எதிர்ப்பு கெளம்பி அடுத்த வருஷம் அங்கேர்ந்து வெளிய வந்தாரு. நூத்தாண்டுக்கணக்கா யூதர்கள ஒதுக்குனது அரசாங்கம், இடம் குடுத்தது வியாபாரம், அந்த அனுபவம்தான் அவருக்குள்ள பேசுது. அமெரிக்கத் தெற்குலயும் பாதி கதை அப்படித்தான், லூசியானால 1890ல ரயில்ல தனிப் பெட்டிச் சட்டம் வந்தப்ப ரயில் கம்பெனிகளுக்கு அது பிடிக்கல, தனியா பெட்டி கோத்தா வீண்செலவு. 1892ல கருப்பினத்தவர்னு சட்டம் கணக்கு வெச்ச ஹோமர் பிளெசி வெள்ளைக்காரப் பெட்டில ஏறினப்ப அது வழக்குக்காக செய்யறதுன்னு கம்பெனிக்கு முன்னாடியே தெரியும், ஒத்துழைச்சாங்க. 1896ல உச்சநீதிமன்றம் பிரிவினை சரின்னுடுச்சு. அங்க சந்தை ஒரு பக்கம், அரசாங்கம் ஒரு பக்கம்.

ரெண்டாவது, நான் முப்பது வருஷம் வவுச்சர் பாடம் நடத்தினேன், 1990ல அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்துல வந்த திட்டத்த சொல்லுவேன், 1992ல ஸ்வீடன்ல வந்தத சொல்லுவேன், பிரின்ஸ் எட்வர்ட ஒரு தடவ கூட சொல்லல. எனக்கு அது தெரியும், பாடப்புத்தகத்துல இல்ல, பரீட்சைக்கு வராதுன்னு விட்டுட்டேன். அந்த வகுப்புகள்ல உக்காந்திருந்த சில பிள்ளைங்களுக்கு அதுதான் முக்கியமான பாடமா இருந்திருக்கும்னு இப்ப நினைக்கறப்ப வருத்தமா இருக்கு.

தெற்கு வாசல்:

சார், ரயில் கம்பெனி கதைய நான் மறுக்கல. ஆனா கம்பெனிக்கு பிடிக்கலன்னா கூட அறுபது வருஷத்துக்கு மேல அந்த பெட்டி ஓடுச்சு, அதுக்காக யாரும் திவாலாகல. கிரீன்ஸ்பரோலயும் அந்த வருஷம் ஜூலைல மேஜைய திறந்து விட்டாங்க, வியாபாரம் அடிவாங்கினதாலதான், அந்த அளவுக்கு சந்தை வேலை செஞ்சுது. ஆனா அந்த வியாபாரம் தானா அடிவாங்கல, பசங்க திரும்பத் திரும்ப வந்து உக்காந்து திட்டு வாங்கி, ஊரே கடைய புறக்கணிச்சு அடிவாங்குச்சு. ஃப்ரீட்மன் பேசி மனச மாத்துன்னு சொன்ன இடத்துல நெஜத்துல இதுதான் நடந்துச்சு. மத்த ஊர்ல அது நடக்க 1964 சட்டம் வர வேண்டியிருந்துச்சு.

மழைக்காகிதம்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, நான் நினைச்சத விட எவ்வளவோ கிடைச்சுது. தறிச்சத்தம் அண்ணா, உங்க தாத்தா பத்தி எழுதினத எங்க வட்டத்துல படிச்சுக் காட்டலாமா, ஊர் பேரெல்லாம் இல்லாமத்தான்? பணத்துப் பகுதிய நான் சுருக்கமா சொல்லிடுவேன், 2003 பேட்டிய மட்டும் விடமாட்டேன். ஆரம்பத்த மாத்திட்டேன், முதல்ல அந்த 100 டாலர் 50 டாலர் கணக்க கரும்பலகைல போட்டுட்டு, அவங்க எல்லாரும் தலையாட்டுனதுக்கு அப்புறம் பிரின்ஸ் எட்வர்ட சொல்லப் போறேன். வாத்தியார் சார், வவுச்சர் பத்தியும் நிறம் பத்தியும் புத்தகத்துல எந்த இடம்னு மட்டும் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள மொத்தமும் முடிக்க முடியாது.

தறிச்சத்தம்:

தாராளமா படிங்க. தாத்தா நெய்தது இன்னும் ஒரு பெட்ஷீட்டு எங்க வீட்டுல இருக்குதுங்க, போட்டோ வேணும்னா அனுப்பறேன்.

பழைய வாத்தியார்:

வவுச்சர் 6ஆவது அத்தியாயம், பாகுபாடு 7ஆவது, அடுத்தடுத்து இருக்கு. நீங்க அஞ்சு முடிச்சுட்டு சரியா அந்த வாசல்லதான் நிக்கறீங்க. ரெண்டையும் ஒரே மூச்சுல படிங்க, நடுவுல நிறுத்தாதீங்க.